அன்னாருக்கு விழுந்த வாக்குகள்

வளர்முகம் விளையாட்டுக் கழகத்தின் தலைவர் தியாகராசா தமது வாழ்நாளில் ஒரு பந்தையும் உதைத்தவர் அல்லர். ஆனால் அச்சுவேலிச் சுற்றுவட்டாரத்தில் யார் எந்தப் பந்தை உதைப்பதானாலும் முதலில் அவர் பேசியாக வேண்டும். ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர். வெயிலில் நிற்கும் பிள்ளைகளில் ஒன்றிரண்டாவது மயங்கி விழுந்த பிறகுதான் அவருடைய தலைமையுரை முடியும்.

அவருக்கு இன்னொரு புகழும் உண்டு. ஊரில் யார் இறந்தாலும் மரண அறிவித்தல் எழுதிக் கொடுப்பவர் அவர்தான். "பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் மருமகனையும் விட்டுவிடாமல், "உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்" என்று முடிப்பார். தியாகராசா சேர் எழுதுவாரென்றால் தைரியமாகச் சாகலாம் என்று சொன்ன கிழவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வருடம் கழகத்தின் சுவிஸ் கிளை ஒரு யோசனை சொன்னது. ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரரை மக்களே தெரிவு செய்யட்டும். பேஸ்புக்கில் படத்தைப் போட்டு வாக்கெடுங்கள். வெல்லுகிறவருக்கு என்ன உபகரணம் வேண்டுமோ அதை நாங்கள் வாங்கித் தருகிறோம்.

நிர்வாகசபை கூடியது. இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று கரப்பந்தாட்டக்காரன் சுதாகரன். தலைவரின் தங்கை மகன். மற்றது கோலூன்றிப் பாயும் கீர்த்திகா.

"உவளை என்னத்துக்குப் போடுறியள்?" என்றார் தலைவர்.

"மாகாணத்திலை முதலாவதா வந்த பிள்ளை, சேர்," என்றார் செயலாளர் அருட்பிரகாசம். தபாற்கந்தோரில் வேலை பார்ப்பவர். முகத்தில் சிரிப்பே வராது. ஆகையால் அவர் பகிடி விடுகிறாரா, உண்மையாகத்தான் சொல்கிறாரா என்பது தலைவருக்கு இதுவரை பிடிபட்டதில்லை.

"எத்தினை கோல் அடிச்சவ?"

"அது அடிக்கிற கோல் இல்லை, சேர். ஊன்றுற கோல்."

"தெரியும், தெரியும். ஒரு தடியைப் பிடிச்சுக்கொண்டு ஓடிப்போய் மெத்தையிலை விழுறது. வீட்டிலை எல்லாரும் செய்யிறதுதானே, தடி இல்லாமல்! சுதாகரன்ரை அடியைப் பாத்தனியளோ? போன கிழமை அவன் அடிச்ச பந்து இன்னும் கிடைக்கேல்லை."

"ஓம் சேர். பக்கத்து வளவுக் கிணத்துக்கை கிடக்கு. எல்லைக்கு வெளியிலை போன பந்து."

"அவன் ஒரு குழுவையே தூக்கி நிப்பாட்டுறான். உவள் தனிய."

"தனியப் பாயிறவள் பிழை விட்டால் மற்றவன்ரை தலையிலை போடவும் ஏலாது, சேர்." அருட்பிரகாசம் குரலைத் தணித்தார். "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வெளிக்கிட்டிட்டுது. இப்ப பாயிற தடி பள்ளிக்கூடத்தின்ரை. அடுத்த தவணை தொடங்க முதல் திருப்பிக் குடுக்க வேணும். அதுக்குப் பிறகுதான் கொழும்பிலை தேசியப் போட்டி. தடி இல்லாமல் என்னத்தை ஊன்றுறது? முருங்கைக் கொப்பையோ?"

"சுதாகரனுக்கும் சப்பாத்து வேணுமாம்."

"ரொறன்ரோவிலை இருந்து ரெண்டு சோடி வந்ததே?"

"அது வேறை நிறம்," என்றார் தலைவர் கண்டிப்பாக.

பிறகு விதி எழுதும் வேலை வந்தது. விதி எழுதுவதென்றால் தலைவருக்குக் கோயில் திருவிழா மாதிரி. ரொறன்ரோவில் சுதாகரனுக்குப் பெரியம்மா, சின்னம்மா, மாமிமார் என்று ஒரு பட்டாளம் இருந்தது. வயது போனவர்கள். கண்ணாடி இல்லாமல் போனைப் பிடித்தால் எந்தக் குறியை அமத்துவார்களோ தெரியாது. அந்த வாக்குகள் வீணாகக்கூடாது. ஆகவே தலைவர் இப்படி எழுதினார்: "கைவிரல், இதயம், சிரிப்பு, அழுகை, கோபம் ஆகிய உணர்வுக் குறிகளுள் எது இடப்படினும் அது ஒரு வாக்காகவே கொள்ளப்படும். தலைவரின் தீர்ப்பே இறுதியானது."

"நல்ல விதி," என்றார் அருட்பிரகாசம். அதையும் சிரிக்காமல்தான் சொன்னார்.

விளம்பரங்களைச் சந்தையடியில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் யதுசன் செய்தான். சுதாகரனின் விளம்பரத்துக்கு மூன்று நாள் எடுத்தது. பின்னால் தீச்சுவாலை. வலப்பக்கம் சிங்கம். இடப்பக்கம் கழுகு. நடுவில் சுதாகரன், கையில் எரியும் பந்து. தலைவர் பக்கத்துக் கதிரையில் இருந்து ஒரு கவிதையும் சொல்லிக் கொடுத்தார். அதில் "வேங்கை" என்ற சொல் நான்கு இடத்தில் வந்தது.

கீர்த்திகாவின் முறை வந்தபோது தலைவருக்குப் பசி வந்துவிட்டது. போனில் கிடந்த தமது கடைசி மரண அறிவித்தலை எடுத்தார். யாரோ ஒரு பென்சனியருடையது. பெயரையும் இரண்டொரு சொற்களையும் மாற்றி அனுப்பிவிட்டு எழும்பினார்.

"படச்சட்டம், சேர்?" என்று கேட்டான் யதுசன்.

"இருக்கிறதிலை ஒண்டைப் போடு. உவளுக்கென்ன."

யதுசனிடம் தயாராக இருந்தது ஒரேயொரு சட்டம். ஓரமெல்லாம் மல்லிகைப்பூ, பின்னால் வெள்ளை முகில். மனச்சாட்சிக்கு அஞ்சி அதிலிருந்த குத்துவிளக்கை மட்டும் எடுத்துவிட்டான். கீர்த்திகா தாண்டவேண்டிய குறுக்குச் சட்டத்துக்கு மேலே பறக்கும் படம் அது. குறுக்குச் சட்டம் வெட்டுப்பட்டுப் போயிற்று. தடியும் போயிற்று. முகில்களுக்கு நடுவே, கைகளை விரித்து, முகத்தில் ஒரு பேரமைதியோடு பெண் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தாள். கீழே:

"அச்சுவேலியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட செல்வி கீர்த்திகா இராசநாயகம் அவர்கள் கடந்த சனிக்கிழமை அதியுயரத்தை எய்தினார். அன்னார் இராசநாயகம் பராசக்தி தம்பதிகளின் பாசமிகு புதல்வியாவார். உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொண்டு தங்கள் உணர்வுகளைப் பதிவு செய்யவும்."

யாழ்ப்பாணத்தில் உயிரோடிருக்கிற எவரையும் "அன்னார்" என்று எழுதுவதில்லை. அந்த மரியாதை கிடைப்பதற்குச் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுதான். தலைவர் அந்தச் சொல்லை எழுதி எழுதிக் கை பழகியிருந்ததால், அது ஒரு பக்கத்து ஆட்களுக்கு மட்டுமே உரியது என்பதை மறந்துபோயிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விளம்பரங்கள் ஏறின. சனிக்கிழமை காலை கீர்த்திகா பயிற்சி முடிந்து வந்து புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒழுங்கை முகப்பில் ஓட்டோ ஒன்று நின்றது. அதிலிருந்து உடுப்பிட்டி மாமி, கீர்த்திகாவின் தகப்பனின் தமக்கை, மார்பில் அடித்துக்கொண்டு இறங்கினாள்.

"ஐயோ என்ரை குஞ்சு! பறந்து போட்டியே!"

கீர்த்திகா புட்டுக் கோப்பையோடு வாசலுக்கு வந்தாள். "ஓம் மாமி, பறந்தனான்! மூண்டு மீற்றர் நாப்பது! ஆர் சொன்னது?"

மாமி ஓட்டோக்காரனின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கால் கொஞ்சமும் முட்டேல்லை மாமி. மேலை போகேக்கை ஒரு சத்தமும் கேக்காது. அப்பிடியொரு நிம்மதி."

"சிவ சிவா," என்றான் ஓட்டோக்காரன்.

தாய் பராசக்தி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "என்ன மச்சாள், ஆருக்கு என்ன?"

"உவளுக்குத்தான்! உங்கை பேஸ்புக்கிலை போட்டுக் கிடக்கு. அன்னார் எண்டு போட்டிருக்கடி, அன்னார் எண்டு!"

"அன்னார் எண்டோ போட்டிருக்கு?" பராசக்தி ஒரு கணம் மகளை மேலும் கீழும் பார்த்தாள். பெற்ற பிள்ளை முன்னால் நின்று புட்டு மெல்லுகிறது. ஆனாலும் எழுத்தில் வந்துவிட்டதே.

அது கழகத்தின் வாக்கெடுப்பு விளம்பரம் என்று கீர்த்திகா விளக்கி முடிய மாமி கண்ணைத் துடைத்தாள். "எனக்கும் ஒரு கோப்பை போடு மச்சாள். செத்த வீட்டுக்கு வாறனெண்டு ஒண்டும் சாப்பிடாமல் வந்திட்டன்."

கீர்த்திகா போனைத் திறந்தாள். சுதாகரனின் சிங்கத்தின் கீழே கைவிரல்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. அவளுடைய முகில்களின் கீழே அழுகை முகங்கள் அதைப்போல் மூன்று மடங்கு. ஒஸ்லோ, லண்டன், பாரிஸ், ரொறன்ரோ. "ஆழ்ந்த அனுதாபங்கள்." "ஓம் சாந்தி." "இந்த வயதிலா?" ஒருநாளும் அவளைக் கண்டிராத ஒருவர், "நல்ல பிள்ளை, கண்டால் சிரிக்கும்" என்று எழுதியிருந்தார். கூடப் படித்த ஒருத்தி, "என்ரை குடை உன்னட்டைத்தான் இருக்கு, இனி அதை எப்பிடிக் கேப்பன்" என்று உருகியிருந்தாள்.

"அம்மா, உதெல்லாம் வாக்கம்மா! விதியிலை அழுகையும் இருக்கு. தடி எனக்குத்தான்!"

"அப்ப வாக்கு முடியுமட்டும் வெளியிலை தலை காட்டாதை," என்றாள் மாமி, புட்டைக் குழைத்தபடி. "ரெண்டு நாளைக்குச் செத்தே கிட."

"உங்கடை வாயைக் கழுவுங்கோ, மச்சாள்!"

கீர்த்திகா யோசித்தாள். சொன்னால் வாக்குகள் போய்விடலாம். வாக்குப் போனால் தடி போகும். தடி போனால் கொழும்பும் போகும். ஆனால் கட்டாரிலிருக்கும் தகப்பன் இன்னும் போனைப் பார்த்திருக்கமாட்டார். அதை நினைத்ததும் அவள் மாமியின் கையில் போனைக் கொடுத்தாள். கோப்பையோடு ஒரு படம் எடுத்து, அந்த விளம்பரத்தின் கீழேயே போட்டாள்: "நான் சாகேல்லை. என்ரை தடிதான் சாகக் கிடக்கு. தயவு செய்து வாக்கை எடுத்துப் போடாதேங்கோ."

ஒருவரும் எடுக்கவில்லை. அழுத முகங்கள் இதயங்களாக மாறின. அழாமல் விட்டவர்களும் வந்து அமத்தினார்கள். உயிர்த்தெழுந்த ஒருவருக்கு வாக்களிக்கும் சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதில்லை.

அன்று பின்னேரமே தலைவர் அவசரக் கூட்டம் வைத்தார்.

"இரங்கல் வாக்காகாது," என்றார். "சனம் விளங்காமல் போட்டது."

"விளங்கிப் போடுற தேர்தல் எது, சேர்?" என்றார் அருட்பிரகாசம். "விதியிலை 'அழுகை' எண்டு நீங்களே போட்டிருக்கிறியள். கோபத்துக்கு முன்னாலை."

"தலைவரின் தீர்ப்பே இறுதியானது எண்டும் கிடக்கு."

"கிடக்கு, சேர். தீர்ப்புக்கு ஒரு காரணம் போட வேணும். 'தலைவர் எழுதிய விளம்பரம் செத்த வீட்டு அறிவித்தலாக இருந்தமையால்' எண்டு போடவோ?"

தலைவர் சோடாப் போத்தலை எடுத்தார். வாசலில் நின்ற சுதாகரன் தலையைச் சொறிந்தான்.

"விடுங்கோ மாமா. நானும் உவளுக்குத்தான் போட்டனான்."

"என்னடா சொல்லுறாய்?"

"அழுகைதான் போட்டனான். ஒரே வகுப்பிலை படிச்ச பிள்ளை. ராத்திரி முழுக்க மனம் சரியில்லை."

"நேற்றுப் பகல் மைதானத்திலை உவளைக் கண்டனிதானே, விசரா!"

"கண்டனான் மாமா. ஆனா அன்னார் எண்டு போட்டிருந்துது. நீங்கள் எழுதினது. பிழைக்குமே?"

இந்த நேரத்தில் சுவிசிலிருந்து அழைப்பு வந்தது. கிளைத் தலைவர் கிறிஸ்ரோபர். குரல் கம்மியிருந்தது. "சேர், அறிவித்தலைப் பாத்த உடனை மனம் கேக்கேல்லை. அந்தப் பிள்ளையின்ரை ஞாபகமாப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல தடி கொழும்பிலை வாங்கிப் போட்டன். பேரும் ஒட்டியாச்சு."

"பிள்ளை உயிரோடை இருக்கு, அண்ணை," என்றார் அருட்பிரகாசம், போனுக்குக் கிட்டப் போய்.

மறுமுனையில் ஒரு மூச்சு. பிறகு ஒரு சிரிப்பு. "அப்ப பரிசா அவவிட்டையே குடுங்கோ. பேர் சரிதானே?"

தலைவர் தீர்ப்பு வழங்கினார். அது இறுதியானதாக இருந்தது.

பரிசளிப்பு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. தலைவர் இம்முறை மிகவும் கவனமாக இருந்தார். உரையை எழுதி, செத்த வீட்டு வாடை அடிக்கும் ஒவ்வொரு சொல்லையும் தம் கையாலேயே வெட்டினார். மாலை போட்டுக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். சால்வையைச் சரி செய்தார்.

"பேரன்புக்குரிய பெரியோர்களே! இன்றைய வெற்றியாளர் செல்வி கீர்த்திகா அவர்கள். அன்னார்..."

முன்வரிசைப் பெரியவர்கள் சட்டென்று எழுந்து நின்று தலை குனிந்தார்கள். அவர்கள் எழும்புவதைக் கண்டு இரண்டாம் வரிசை எழும்பியது. பிறகு மைதானம் முழுவதும். ஓர் இருமல் இல்லை.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடப் பேச்சில் அவருக்காகச் சபை எழுந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் முதல் வாக்கியத்திலேயே. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இதற்கு மேல் பேசினால் அந்தக் கணம் கெட்டுவிடும் என்று அவருக்குப் பட்டது.

"நன்றி," என்று மட்டும் சொல்லி அமர்ந்தார்.

அன்று ஒரு பிள்ளையும் மயங்கி விழவில்லை.

கீர்த்திகா இதொன்றையும் பார்க்கவில்லை. ஓடுபாதை ஓரத்தில் புதுத் தடியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கைபிடிக்கும் இடத்தில் ஒட்டியிருந்த தாளில் "அமரர் செல்வி கீர்த்திகா ஞாபகார்த்தமாக" என்று பொன்னெழுத்து மின்னியது. பிடி வழுக்காமலிருக்கச் சுற்றும் வெள்ளை நாடாவை எடுத்தாள். அமரரின் மேல் மூன்று சுற்று. ஞாபகார்த்தத்தின் மேல் மூன்று சுற்று. நடுவில் தன் பெயரை மட்டும் விட்டாள். பிறகு எழுந்து, தடியைத் தூக்கி, ஓடினாள்.

தடி வளைந்தது. கால்கள் மேலே போயின.

"ஐயோ, என்ரை குஞ்சு பறந்து போட்டுது!" என்று கூவினாள் உடுப்பிட்டி மாமி.

முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மறுபடியும் எழும்பப் பார்த்தார். அருட்பிரகாசம் அவர் தோளில் கை வைத்து அமத்தினார்.

"இருங்கோ அண்ணை. கீழை வந்திட்டா."