கையுறைக்குள் அடங்கிய பேச்சு

மார்ச் மூன்றாம் தேதி காலை, தம்பி பெட்டியும் கையுமாக வீட்டைவிட்டுப் போனான். அக்கா ஐந்து மாதமாகத் தன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அவன் மனக்குறை. அதை ஒரு தாளில் எழுதி, அவளுடைய கோப்பையின் அடியில் வைத்திருந்தான்.

தம்பிக்குப் பிறவியிலேயே காது கேளாது. பெற்றோர் மறைந்தபின் அந்த வீட்டில் பேச்சென்றால் நான்கு கைகளின் பேச்சுத்தான். அவன் கைவேகம் தாங்காமல், "கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுடா" என்று அவள் விரலாலேயே அதட்டுவதுண்டு.

அக்கா அச்சகத்தில் புத்தகம் தைப்பவள். அக்டோபரில் அவளுடைய வலக்கைச் சுட்டுவிரல் அடிமுதல் நுனிவரை ஒரே பருமனாக வீங்கிச் சிவந்தது. நகங்களில் ஊசி குத்தியது போன்ற குழிகள், முழங்கையில் வெண்செதில். காலையில் விரல்களை மடக்கவே ஒரு மணி நேரமாயிற்று.

"என்னக்கா, விரலா வாழைப்பழமா?" என்று சிரித்த தாள்வெட்டுக்காரர், செதிலைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். "ஐயையோ, இது ஒட்டுவாரொட்டி! வீட்ல தம்பி இருக்கான்ல? அவனத் தொட்டுடாதீங்க."

அவர் மருத்துவர் அல்லர், தாள் வெட்டுபவர். ஆயினும் அவருடைய வாய்ச்சொல் ஒரு வீட்டையே வாயடைக்கச் செய்தது. தம்பியின் விரல்களும் இப்படியாகிவிட்டால் அவன் எதைக்கொண்டு பேசுவான் என்ற அச்சம் அவளை அரித்தது. பருத்திக் கையுறை அணிந்தாள்; அதற்குள் வீங்கிய விரல் சைகைக்கு மடங்கவில்லை. காரணம் தெரிந்தால் அதைப் பிடுங்கிப் பார்ப்பான் என்பதால் சொல்லவுமில்லை. அவன் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் அசைத்தாள்.

தாளைப் படித்த அன்றே மருத்துவரிடம் போனாள்.

"ஒட்டும்னு யாரும்மா சொன்னது?" மருத்துவர் தாமே கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். ஐந்து மாதத்தில் அவள் விரலைத் தொட்ட முதல் ஆள் அவர்தாம். "உடம்போட காவலே தடம் மாறி சொந்த மூட்டை அடிக்குது. சோரியாசிஸ்னு இந்தச் செதில் நோய் உள்ள சிலருக்கு வரும். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள்தான். தினமும் போட்டா ஆபத்து. அப்பப்ப ரத்தமும் பாக்கணும்."

"விரல் பழையபடி ஆயிடுமா டாக்டர்?"

"வீக்கம் மெதுவா வடியும். ஆனா நுனிக் கணுவுல எலும்பு அரிச்சிருக்கு. அங்க விழுந்த வளைவு நிமிராது. முன்னாடியே வந்திருக்கலாமேம்மா."

கைகளாலேயே அவனிடம் சொல்ல வேண்டுமென்று அவள் காத்திருந்தாள். ஜூனில் வீக்கம் வடிந்தது. விரல் நுனி மட்டும் கொக்கியாய் நின்றது. வெறுங்கையோடு தம்பியின் புது அறைக்குப் போய், கதவின் அடியில் ஒரு தாளை நுழைத்து ஆட்டினாள். திறந்தவன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் வளைந்த விரலோடு, தட்டுத் தடுமாறி, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தாள்.

அவன் கைகள் வெளியே வந்தன.

"லூசாக்கா நீ? அஞ்சு மாசம் செவுத்தோட பேசிட்டிருந்தேன்!"

சொல்லிவிட்டு அவள் கைகளைப் பற்றிக்கொண்டான். நான்கு கைகளும் ஒன்றையொன்று பற்றியிருந்தமையால் நெடுநேரம் இருவராலும் பேச இயலவில்லை.

எனினும் அவன் திரும்பி வரவில்லை. அறை வேலைக்குப் பக்கம். தனியாக இருந்து பழகியும்விட்டது. ஞாயிறுதோறும் வருகிறான். மற்ற ஆறு நாளும் அவள் வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்டுகிறாள். அவை என்ன சொல்கின்றன என்று பார்க்க எதிரில் எவருமில்லை.

வாசகரே, பிறர் தோலைக் கண்டு நோய்க்குப் பெயர் சூட்டாதீர். வீங்கிய கை ஒன்று உம்முன் நீண்டால், பின்வாங்காமல் மெல்லப் பற்றும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்.