எண்ணூற்று ஒன்றாம் சேனல்

கில்கோம்ப் நகரத்து மக்கள் சகலருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: வரும் வியாழக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, ஒன்றாம் எண் சேனலின் வட்டாரச் செய்தியில், பேருந்து மீட்புக் குழுத் தலைவர் திரு. டெரிக் சிட்ஜி அவர்கள் தோன்றிப் பேசுவார். வரலாற்றின் போக்கை மாற்றவல்ல அந்த உரையைக் காணத் தவறுவோர் பின்னால் வருந்த நேரிடும். மறுநாள் வெள்ளிக்கிழமை ஊர் மண்டபத்தில் மாபெரும் கூட்டம். தேநீர் உண்டு.

அஞ்சல் நிலையக் கண்ணாடியில், காணாமல்போன பூனைக்கும் இலவசமாகக் கிடைக்கும் பியானோவுக்கும் நடுவே இந்த அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் டெரிக். அச்சடித்தவர் டெரிக். ஒட்டிவிட்டு இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் படித்து ரசித்தவரும் அவரே. மேவிஸ் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"'வரலாற்றின் போக்கை'ங்கிறது கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்றாள்.

"மேவ், ஜனங்களத் தட்டி எழுப்பணும்."

"பஸ்ஸுன்னு ஒரு வார்த்தை பெருசாப் போட்டிருந்தா எழுந்திருப்பாங்க."

குழுத் தலைவரின் மனைவிக்குக் குழுவில் பதவி எதுவும் கிடையாது. ஆனால் அந்தப் பேருந்து வேண்டியிருந்தது அவளுக்குத்தான். கில்கோம்பிலிருந்து டான்டனுக்குப் போகும் ஒரே பேருந்து அது. அவளுடைய தம்பி பெர்சி டான்டனில் ஒரு முதியோர் காப்பகத்தில் இருந்தான். பக்கவாதம் வந்து ஒரு பக்கமும் பேச்சும் போய்விட்டன. செவிலிப் பெண்கள் ஸ்பூனை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வான். மேவிஸ் நீட்டினால் வாயைத் திறப்பான். செவ்வாயும் வெள்ளியும் அவள் போவாள். மற்ற நாட்களில் அவன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று அவள் கேட்பதில்லை. டெரிக்குக்குக் கண் மங்கியதிலிருந்து கார் ஓட்ட அனுமதி இல்லை. டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. மாவட்டத்தை நிர்வகிக்கும் கவுன்ட்டி கவுன்சில் செலவைக் குறைக்கிறோம் என்று சொல்லி அந்தப் பேருந்தை அடித்துவிடப் பேனாவை எடுத்திருந்தது.

டெரிக் ஓய்வு பெறும்வரை தண்ணீர்க் கட்டண அலுவலகத்தில் துணை மேற்பார்வையாளராக இருந்தவர். 'துணை' என்ற சொல்லை வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. பேருந்து நிற்கப் போகிறது என்ற சேதி வந்தபோது மேவிஸ் அழுதாள். டெரிக் குழு அமைத்தார். குழுவில் ஐந்து பேர்; அவரைச் சேர்த்து. செய்திக்காரப் பெண் ஒருத்தி கேமராவோடு வந்து கடற்கரைச் சுவரோரம் அவரை நிறுத்திப் பேட்டி எடுத்துக்கொண்டு போனது முதல், பேருந்து மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய், பேட்டி முன்னுக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை மாலைதான் குட்டு வெளிப்பட்டது. நாளைய நிகழ்ச்சியைப் பதிவு செய்ய டிவியோடு இணைத்த ரெக்கார்டர் பெட்டியைத் தயார்ப்படுத்தலாம் என்று டெரிக் ஒன்றாம் எண்ணை அழுத்தினார். கார்டிஃபில் மழை என்று வந்தது. பிறகு ஸ்வான்சி சந்தையில் ஆட்டு விலை.

"இது வேல்ஸ் செய்தி," என்றார் டெரிக், தன் படுக்கையில் யாரோ தூங்குவதைக் கண்டவர்போல.

"எப்பவும் அதான வருது," என்றாள் மேவிஸ்.

அதுதான் எப்போதும் வந்தது. கில்கோம்புக்குப் பின்னால் மலை. முன்னால் கடல். கடலுக்கு அந்தப் பக்கம் வேல்ஸ். சொந்த மாவட்டத்து ஒளிபரப்புக் கோபுரத்தின் அலை மலையில் முட்டிக்கொண்டு நிற்க, அடுத்த நாட்டுக் கோபுரத்தின் அலை தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஊர்க் கூரைகளில் இருக்கும் ஏரியல்கள் எல்லாமே கடலைப் பார்த்துத்தான் நின்றன. தங்கள் கவுன்சிலரின் பெயர் தெரியாதவர்களுக்கு வேல்ஸ் மந்திரிகளின் குடும்பத் தகராறெல்லாம் அத்துப்படி. டிஜிட்டல் ஒளிபரப்பு வந்தபிறகு ரெக்கார்டர் இரண்டு கோபுரங்களையும் பொறுக்கிக்கொண்டு, பலமானதை ஒன்றாம் எண்ணிலும், நலிந்ததை எண்ணூற்று ஒன்றிலும் போட்டது. ஒன்று, எண்ணூற்று ஒன்று. இரண்டு, எண்ணூற்று இரண்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நோஞ்சான் இரட்டை.

"அப்ப எண்ணூத்தி ஒண்ணுல பதிஞ்சுக்கோயேன்," என்றாள் மேவிஸ்.

"நான் ஒன்னாம் நம்பர்னு போட்டிருக்கேன். நோட்டீஸ்ல."

"நோட்டீஸை மாத்து."

"தப்பு பெட்டிமேல, மேவ். நோட்டீஸ் மேல இல்ல."

வியாழன் மதியம், இரட்டைகளை ஒழிக்கும் திருப்பணி தொடங்கியது. டிவிக் கடைக்காரன் தொலைபேசியில் சொன்ன உபாயம் எளிமையானது. பெட்டி சேனல்களைத் தேடும் ஸ்கேன் தொடங்கும்போது ஏரியல் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். வேல்ஸ் அலைகள் முதல் பாதியில் வரும்; பெட்டி அவற்றைக் காணாமல் கடந்துவிடும். பாதி தாண்டியதும் ஒயரைச் செருகினால் சொந்த ஊர்க் கோபுரம் மட்டும் மாட்டும். டெரிக் டிவிக்குப் பின்னால் முழங்காலிட்டு ஒயரைப் பிடித்துக்கொண்டார். மேவிஸ் முன்னால் உட்கார்ந்து திரையில் ஏறும் ஸ்கேன் சதவீதத்தைப் படித்தாள்.

"முப்பத்தெட்டு. நாப்பது. முட்டி வலிக்குதா?"

"நம்பர மட்டும் சொல்லு!"

"நாப்பத்தஞ்சு. நாப்பத்தெட்டு. கதவு தட்டுறாங்க."

"தட்டட்டும்!"

கதவைத் தட்டாமலே உள்ளே வரும் பழக்கமுள்ள பக்கத்து வீட்டு லென் வவுல்ஸ் அன்றைக்குத் தட்டியிருந்தான். பதில் வராததால் உள்ளே வந்துவிட்டான். டிவிக்குப் பின்னாலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பின்பகுதியைப் பார்த்தான்.

"தலைவர் என்ன, தலைமறைவா?"

"லென், வாய மூடு. மேவ், எத்தனை?"

"எழுபத்தொண்ணு," என்றாள் மேவிஸ். லென்னுக்கு நாற்காலி இழுத்துப் போட எழுந்திருந்தாள்.

ஒயரைச் செருகும் நேரம் கடந்துவிட்டிருந்தது; பெட்டி ஒன்றுமே கிடைக்கவில்லை என்று அறிவித்தது. பழைய சேனல்கள் போயின. போட்டு வைத்திருந்த பதிவுக் கட்டளைகளும் போயின. டெரிக்கின் முகம் டிவி திரையைப் போலவே வெறிச்சென்று இருந்தது.

"எங்க வீட்டுலயும் டபுள் டபுளாத்தான் வருது," என்றான் லென். "நான் கண்டுக்கிறதே இல்ல. ரெண்டு தரம் வந்தா என்ன, ரெண்டு தரமா காசு கேக்குறான்?"

"உன்ன மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊரு வேல்ஸுக்கு அடிமையாக் கெடக்கு."

"அவன் செய்தி நல்லாத்தான்பா இருக்கு. வானிலை ஒண்ணு மட்டும் தப்பா சொல்றான்."

இரண்டாம் முறை மேவிஸ் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஐம்பத்திரண்டு என்றதும் டெரிக் செருகினார். சேனல்கள் ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன. ஒன்றாம் எண்ணில் சொந்த மாவட்டம். எண்ணூறுகளில் வெறுமை. டெரிக் எழுந்து நின்றார். எழுவதற்கு லென் கைகொடுக்க வேண்டியிருந்தது என்பது தவிர, கம்பீரமாகவே எழுந்தார்.

"இனிமே இந்த வீட்டுல ஒரே ஒண்ணுதான்," என்றார்.

ஆறரைக்குக் காற்று கிளம்பிவிட்டிருந்தது. மலைச்சரிவில் மரங்கள் ஆடின. மரங்கள் ஆடினால் அந்த நலிந்த அலையும் ஆடும் என்பதை யாரும் டெரிக்குக்குச் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் மரங்களுக்கு எதிராக ஒரு குழு அமைத்திருப்பார். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. கடற்கரைச் சுவர் தெரிந்தது. டெரிக் தெரிந்தார்.

"கில்கோம்ப் மக்களின் சார்பாக நான்—" என்றார் திரையிலிருந்த டெரிக். உடனே அவருடைய மூக்கு சதுரங்களாகச் சிதறிக் காதுப் பக்கம் போனது. வாய் திறந்தபடி நின்றது. கிர்ர் என்று ஒரு சத்தம். பச்சைக் கட்டங்கள். நடுவில் "ப்—" என்று ஒரு துண்டு வந்தது; பேருந்தா, பெர்சியா என்று மேவிஸுக்குத் தெரியவில்லை. பெர்சியாக இருக்காது என்று அவளுக்கே தெரியும். பிறகு காற்று ஒரு கணம் ஓய்ந்தது. செய்தி வாசிப்பவள் பளிங்குபோலத் தெளிவாக வந்து சொன்னாள்: "இந்தப் பேருந்து மாதக் கடைசியோடு நிறுத்தப்படும் என்று கவுன்சில் இன்று பிற்பகல் உறுதி செய்தது."

அடுத்த செய்தி, ஒரு பள்ளிக்கூடத்து வாத்துக் குஞ்சுகள். படம் ஓர் இடத்தில்கூட உடையவில்லை.

டெரிக் பின்னுக்கு ஓட்டினார். மறுபடி போட்டார். மறுபடி ஓட்டினார்.

"இங்க நான் கிராமப்புற வாழ்வாதாரத்தப் பத்தி சொன்னேன். இந்தப் பச்சையா இருக்குல்ல, அந்த இடத்துல."

"கடைசில அந்தப் பொண்ணு சொன்னதக் கேட்டியா, டெரிக்?"

"அது அவங்க தரப்பு. நாளைக்குக் கூட்டம் இருக்கே."

மேவிஸ் சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். கெட்டில் நிறைந்து வழிந்து கையில் ஓடும்வரை குழாயை மூடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் டான்டனுக்குப் போனாள். பெர்சி வாயைத் திறந்தான். மசித்த உருளைக்கிழங்கு முழுவதையும் சாப்பிட்டான். அவள் அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

மாலையில் ஊர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவள் திகைத்து நின்றுவிட்டாள். குழுவின் சரித்திரத்தில் இல்லாத கூட்டம். நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். டெரிக் மேடையில் குறிப்புத் தாளை நிமிர்த்திப் பிடித்து, தொண்டையைச் செருமினார். அவர் கண்கள் பளபளத்தன. மேவிஸுக்குங்கூட, சொல்ல வெட்கமாக இருந்தாலும், நெஞ்சுக்குள் என்னவோ லேசாக எழும்பியது.

"நேத்து என் பேட்டியப் பார்த்தவங்க கை தூக்குங்க!" என்றார் டெரிக்.

ஒரு கையும் எழவில்லை.

"நாங்க ஒன்னாம் நம்பர்தான் போட்டோம்," என்றாள் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்க்கும் பாம். "வேல்ஸ்ல, கார்மார்த்தென்ல ஏதோ பாலம் இடிஞ்சுதுன்னு காட்டினான். உன்னக் காணோமேப்பா."

"அதான் வந்தோம்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. "உம் பெட்டியில இந்த டபுள் சேனலையெல்லாம் ஒழிச்சிட்டியாமே. லென் சொன்னான். எப்படின்னு சொல்லு."

அப்போதுதான் மேவிஸ் பார்த்தாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரிமோட். ஒருவர் ரெக்கார்டரையே துண்டில் சுற்றித் தூக்கிவந்திருந்தார்.

டெரிக் குறிப்புத் தாளைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக எழுபது பேர் அவர் வாயிலிருந்து வரப்போகும் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"முதல்ல," என்றார், குரலைத் தாழ்த்தி, "ஏரியல் ஒயரப் பிடுங்கிடணும்."

எழுபது பேரும் குறித்துக்கொண்டார்கள்.

மேவிஸ் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்: "பஸ் நிக்கப் போகுதாம், தெரியுமா?"

"எந்த பஸ்ஸு?" என்றாள் அவள். "கொஞ்சம் இரும்மா, சதவீதம் சொல்றாரு."

மாதக் கடைசியோடு பேருந்து நின்றது.