வேலி காத்த புரட்சி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் நாளைக் காலை என் பல்செட் என் தொண்டையிலேயே சிக்கட்டும்.

என் மனைவி கோபித்துக்கொண்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பிறந்த வீட்டுக்குப் போனாள். அந்த வாரமே அரசாங்கம் முள்வேலி போட்டு எல்லையை மூடியது. அவளை மீட்க வேறு வழி தெரியாமல், வேலியைப் பிடுங்கி இரு பக்கத்து மக்களையும் இணைப்பதாகச் சொன்ன ஆயுத இயக்கத்தில் சேர்ந்தேன். எனக்கு ஒரே ஒரு ஆளை இணைத்தால் போதும் என்பதைத் தலைவரிடம் சொல்லவில்லை.

துப்பாக்கி இருந்தது, தோட்டாவுக்குக் காசில்லை. அந்தப் பக்கம் டீசல் பாதி விலை. தற்காலிகமாகக் கடத்தலாம் என்று தீர்மானம் போட்டோம். வைரம் என்ற ரவுடி யோசனை சொல்ல, வேலிக்கு அடியில் குழாய் பதித்தோம். டீசல் வந்தது. என் மனைவி வருமளவுக்கு அகலமான குழாய் கடையில் இல்லை.

கொஞ்ச நாளில் வைரம் மத்தியக் குழுவில் உட்கார்ந்தார். சுடத் தெரிந்தவன் கேன் சுமந்தான். கணக்குத் தெரிந்தவன் தளபதியானான். இரண்டும் தெரியாத என்னைக் கொள்கைப் பரப்புக்குப் போட்டார்கள்.

திடீரென்று இரண்டு அரசாங்கங்களும் சமாதானமாகி, வேலியை எடுக்கப்போவதாக அறிவித்தன. நான் முகச்சவரம் செய்துகொண்டு கூட்டத்துக்குப் போனேன். அங்கே எழவு வீடு மாதிரி இருந்தது.

"வேலி போச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒரே வெலைதான். அப்புறம் குழாய்ல தண்ணியா விடுவீங்க?" என்றார் வைரம்.

"அப்போ நம்ம லட்சியம்?" என்றேன்.

"அது எங்கய்யா ஓடிப்போகுது? மொதல்ல பொழப்பப் பாரு" என்றார் தலைவர்.

வேலியைப் பிடுங்க வந்த கூலியாட்களைத் துப்பாக்கி காட்டி விரட்டினோம். அதற்குள் அவர்கள் சாய்த்திருந்த கம்பங்களை மறுபடி நடும் வேலை கொள்கைப் பரப்பின் தலையில் விழுந்தது.

நான் சம்மட்டியோடு நிற்கிறேன். அந்தப் பக்கம் துணிப்பெட்டியோடு என் மனைவி.

"என்னங்க, இதப் புடுங்கத்தானே போனீங்க?"

"ஆமா."

"இப்ப என்ன பண்றீங்க?"

"ஆடுது. இறுக்கிட்டு இருக்கேன்."

அவள் கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோணலா இருக்கு. கொடிக்கம்பி கட்ட ஆணி அடிச்சீங்களே, அதே லட்சணம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

கம்பத்தை நிமிர்த்தி இன்னும் நாலு போடு போட்டேன். புரட்சி பிழைத்தது.

எல்லை போவது எங்கள் தெருவின் நடுவில்தான்; என் மாமனார் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிர் வீடு.