உட்கார்ந்தால் இறங்கும் நாற்காலி

மதியம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை வக்கீல் அலுவலகத்தில் ஆள் இருக்காது. வக்கீல் ஐயா கோர்ட்டில் இருப்பார். அவருடைய கறுப்புக் கோட்டையும் வழக்குக் கட்டுகளையும் தூக்கிக்கொண்டு குமாஸ்தாவும் பின்னாலேயே போயிருப்பார். அந்த அரை மணி நேரத்தில்தான் டைப்பிஸ்ட் தன் கடிதத்தை அடிப்பாள். தினமும் அடிப்பாள், கையெழுத்துப் போடும் இடம் வரை வந்ததும் சேமிக்காமல் மூடிவிடுவாள். வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். நான்கு வருடங்களாக ஐயாவிடம் அவள் வாய்விட்டுச் சொன்னது ‘சரிங்கய்யா’ ஒன்றுதான். அதையும் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கும் டிபன் டப்பாவை மூடிவிட்டு உட்கார்ந்தாள். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. கோர்ட்டிலிருந்து மெயில் வந்திருந்தது. அதிலிருந்த லிங்கைத் தட்டினால் அடுத்த வாரத்து வழக்குப் பட்டியல் திறக்கும். தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டர் அப்படித்தான், தட்டியதை யோசித்து முடிக்க அதற்கு நேரம் வேண்டும். வரும்போது வரட்டும் என்று கடிதத்துக்குத் திரும்பினாள்.

வரும்போது அது எப்படி வரும் என்பது அவளுக்குத் தெரியாததில்லை. பிரவுசர் கதவைத் தட்டாது. நாம் எதில் எழுதிக்கொண்டிருந்தாலும் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும், அடிக்கிற எழுத்தையெல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். போன மாதம் ஒரு வாடகை ஒப்பந்தத்தின் பாதி தேடல் பெட்டிக்குள் போய்விட்டது. ‘மேற்படி வீட்டின் கழிப்பறைக் குழாய்’ பற்றி அது அவளுக்கு ஒன்பது கடைகளைக் காட்டியது. அன்றிலிருந்து திரையைப் பார்த்துத்தான் அடிப்பது என்று முடிவெடுத்திருந்தாள். ஆனால் இந்தக் கடிதம் அடிக்கும்போது மட்டும் கண் வாசலில்தான் இருக்கும். யாராவது வந்துவிட்டால் மூட வேண்டுமே.

விரல்கள் தம் பாட்டுக்கு ஓடின. பழைய டைப்ரைட்டரில் கற்றுக்கொண்ட கை அது, வரி முடிந்தால் எண்டர் தட்டாமல் விடாது.

*ஐயா அவர்களுக்கு,*
*என் நாற்காலி உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் முக்கால் அடி இறங்கிவிடுகிறது.*
*சாயங்காலம் ஆனால் மேசைக்கு மேல் என் தலை மட்டும்தான் தெரிகிறது.*
*போன வாரம் வழக்கு விஷயமாக வந்த ஒரு கட்சிக்காரர் அறையில் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டார்.*
*நீங்கள் மட்டும் புதுச் சுழல் நாற்காலி வாங்கிக்கொண்டீர்கள்.*
*அதில் நீங்கள் கட்டுப் படிப்பதில்லை, தூங்குகிறீர்கள்.*
*குறட்டை கேட்கக் கூடாது என்றுதான் நான் சத்தமாக டைப் அடிக்கிறேன்.*

இப்படியே பதினான்கு வரி. முடித்து, மூடுவதற்காகத் திரையைப் பார்த்தாள். கடிதத்தைக் காணவில்லை. அதன்மேல் பிரவுசர் உட்கார்ந்திருந்தது. வழக்குப் பட்டியலையும் காணவில்லை, அது இன்னும் பக்கத்துத் தாவலில் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்தது, காலையிலிருந்து திறந்தே கிடந்த, ஐயா குறிப்புகள் அனுப்புகிற சாட் பக்கம். அதில் எண்டருக்கு ஒன்று வீதம், ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினான்கு பச்சைக் கட்டங்கள். முதல் வரி மட்டும் கடிதத்திலேயே தங்கிவிட்டதோ என்று மேலே தள்ளிப் பார்த்தாள். ‘ஐயா அவர்களுக்கு’ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு டிக். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நீலமாயின.

டிபன் டப்பா, குடை, மேசை இழுப்பறையில் இருந்த சீப்பு எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள். நாலு வருஷத்து வேலை ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. வீட்டில் அம்மாவிடம் என்ன சொல்வது? நாற்காலியால் வேலை போயிற்று என்றா?

குமாஸ்தாதான் முதலில் வந்தார்.

“ஏம்மா, ஐயாவுக்கு என்னத்தம்மா அனுப்பினே? வாதம் பண்ணிட்டு இருக்காரு, பாக்கெட்ல டிங்கு டிங்குன்னு அடிக்குது. பத்தாவது டிங்குக்கு ஜட்ஜ் பேனாவைக் கீழ வெச்சுட்டாரு.”

“அப்புறம்ணே?”

“அப்புறம் என்ன, அணைக்கத்தான் போனை எடுத்தாரு. அணைக்கல. படிச்சாரு.”

“முழுசாவா?”

“கண்ணாடியை மாத்திப் போட்டுட்டு முழுசா படிச்சாரு. வழக்கைத் தள்ளி வெச்சுட்டாங்க. பையை ஏன் மடியில வெச்சிருக்கே?”

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். ஐயா உள்ளே வந்து அவள் மேசைக்கு நேராக நின்றார்.

“எந்திரிங்கம்மா.”

எழுந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கோட்டைக் கழற்றாமலேயே சுற்றிவந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

“முக்கால் அடின்னு போட்டிருக்கீங்க. அளந்தீங்களா?”

“இல்லீங்கய்யா.”

“அளக்காம மனு போட்டா நிக்குமா? குமாஸ்தா, ஸ்கேலை எடுத்துட்டு வாங்க.”

குமாஸ்தா ஸ்கேலோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஐயா வரி வரியாகக் கீழே போனார்.

“கட்சிக்காரர் திரும்பிப் போன தேதி இல்ல. ஆறாவது வரி, தூங்குறேன்னு இருக்கு. குறட்டைன்னும் இருக்கு. சாட்சி யாரு?”

குமாஸ்தா ஸ்கேலிலேயே கண்ணாக இருந்தார். “எனக்குக் காது கொஞ்சம் மந்தங்கய்யா. ரெண்டு இஞ்ச்.”

“என்ன ரெண்டு இஞ்ச்?”

“இறங்கிட்டீங்க.”

அவளைவிட ஐயா இரண்டு மடங்கு கனம். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிக்கொண்டே போனது. அவருடைய கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக மேசைக்குக் கீழே போயின. எதைப் பார்த்துப் பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“இதுக்கு நான் பதில் கொடுக்கணும்ல,” என்றார் ஐயா. “எழுதிக்கங்க.”

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார இடம் தேடினாள். பெஞ்சு முழுக்க வழக்குக் கட்டுகள். அறையில் காலியாக இருந்தது சுழல் நாற்காலி ஒன்றுதான். ஐயா எழுந்திருப்பார் என்று நின்றாள். அவர் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடிகிற உயரத்தில் அவர் இல்லை. அவள் போய் அதன் நுனியில் உட்கார்ந்தாள். அது இறங்கவில்லை. மெதுவாக அரை வட்டம் திரும்பி அவளை அவருக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது.

மேசைக்கு மேலே ஒரு நெற்றியும் கண்ணாடியும் தெரிந்தன. மேசைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ‘தங்கள் மனு கிடைக்கப்பெற்றது’ என்பது வரை புரிந்தது.

அவள் பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்தாள். அதன்மேல் நோட்டை வைத்தாள்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கய்யா,” என்றாள். “இங்க கேக்கல.”

“ஒன்பது இஞ்ச்,” என்றார் குமாஸ்தா. கண்ணாடி மேசை விளிம்பைத் தொட்டது.