ராஜாமணி டீச்சரின் இரண்டு பிள்ளைகள்

உயிரோடு இருப்பதற்கான சான்றிதழைத் தேடப் போன இடத்தில் ராஜாமணி டீச்சருக்குத் தன் சாவுச் செய்தி கிடைத்தது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நான் இன்னும் சாகவில்லை என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். போன வருடத்து நகலுக்காக மகன் தாவீதின் அலமாரியைக் குடைந்தபோது, ரேஷன் கார்டுக்கு அடியில் டைப் அடித்த இரண்டு தாள்கள் இருந்தன. மேலே 'காலஞ்சென்ற திருமதி ராஜாமணி அம்மையாரின் வாழ்க்கைக் குறிப்பு' என்று போட்டிருந்தது.

அவர்கள் சபையில் அடக்க ஆராதனையின்போது, பெட்டியை மூடுவதற்கு முன், செத்தவரின் வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பார்கள். போன மாதம் டீச்சர் மஞ்சள் காமாலை முற்றி, நினைவு தப்பி, ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். டாக்டர்கள் கையை விரித்ததும் வீட்டார் முன்யோசனையாக எழுதி வைத்துவிட்டார்கள். எழுபத்து நான்கு வயதுக் கிழவி பிழைத்து வந்து அலமாரியைத் திறப்பாள் என்று யார் கண்டது.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவும் கையுமாக உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் திருத்த ஒன்றுமே இல்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. முப்பத்தெட்டு வருடம் மிஷன் பள்ளியில் வேலை பார்த்தது, பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்தது, சுருதி சேராதவன் முதுகில் அடிக்கோலால் தட்டியது, ஏரி உடைத்துக்கொண்ட வருடம் முழங்கால் தண்ணீரில் நடந்துபோய்ச் சபைக் கோயில் மணியடித்தது எல்லாம் சரியாக இருந்தன. அடுப்பில் பால் வைத்தால் ஒரு கீர்த்தனையில் மூன்று சரணம் பாடி முடித்துத்தான் இறக்குவார் என்பதுகூட இருந்தது. சமையல்கட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத தாவீதுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார்.

'அம்மையார் தம் இரு பிள்ளைகளையும் கண்ணும் கருத்துமாய் வளர்த்தார்' என்று இருந்தது. கீழே தாவீதின் பெயர், பம்பாயில் இருக்கும் சின்னவளின் பெயர். அவ்வளவுதான். டீச்சருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறிவிட்டது.

டீச்சர் பெற்றது மூன்று. மூத்தவள் கலைமணி. பாடகர் குழுவில் அவள் குரல்தான் முன்னால் நிற்கும். அறுபத்தொன்பதாம் வருடம் அவள் வேறு மதத்துக்காரனான நடேசன் என்ற பஸ் டிரைவரைக் குன்றத்தூர் மலைக்கோயிலில் கட்டிக்கொண்டாள். அடுத்த ஞாயிறே டீச்சர் ஆராதனையின் நடுவில் எழுந்து நின்று, இனி எனக்கு இரண்டு பிள்ளைகள்தான் என்று சபை அறியச் சொன்னார். அதன் பிறகு அந்தப் பேச்சை அவரிடம் எடுக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. டீச்சரின் கோபம் ஊருக்குத் தெரியும்.

தாவீது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வந்தவனைச் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை.

"டேய், எனக்கு எத்தினி புள்ளைங்க?"

அம்மாவின் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் அவனுக்கு முகம் செத்துவிட்டது. "அத எதுக்கு நீ எடுத்த?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"ரெண்டுன்னு நீதான சொன்ன. கோயில்ல நின்னுக்கினு, எல்லாரும் கேக்கறாப்புல."

"நான் கோவத்துல சொன்னேன். நீங்க நிதானமா டைப் அடிச்சி வச்சிக்கினுகீறீங்க."

தாவீது ஏதோ சொல்ல வாயெடுத்து மென்று விழுங்கிவிட்டான். பெற்றவள் ஆத்திரத்தில் ஆயிரம் சொல்லுவாள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படிப்பார்களா? கூடப் பிறந்தவள் பெயரை அடிக்க இவன் யார்? இரவு முழுக்க டீச்சருக்கு இதுதான் ஓடியது. மறுநாள் காலை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். தம்பி செய்த காரியத்தை அக்காளிடமே காட்டிவிட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாற வேண்டும். மே மாதத்துக் குண்டுவெடிப்பிலிருந்து அங்கே போலீஸ்காரர்கள் ஒரு பையையும் விடாமல் குடைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் தாளைப் பிரித்து மேலோட்டமாகப் படித்தார்.

"யாருமா இந்த அம்மா? எப்ப தவறினாங்க?"

"நான்தான். இன்னும் தவறல."

அவர் தாளை மடித்துப் பைக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்.

குன்றத்தூர் விலாசம் டீச்சருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். கதவைத் திறந்த கலைமணிக்குக் காதோரம் நரைத்திருந்தது. அவள் பதறவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை.

"ஒடம்பு தேவலையா? பஸ்ல ஏன் வந்த?" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

டீச்சர் உட்காரவில்லை. தாளை நீட்டினார். "இதப் படி. உன் தம்பி பண்ணிக்கிற வேலையப் பாரு."

கலைமணி தாளை வாங்கவில்லை. "படிக்க வாணாம். நான்தான் எழுதனேன்."

டீச்சருக்குப் புரியவில்லை.

"அவனுக்கு உன்னப் பத்தி இன்னா தெரியும்? நீ நெனவில்லாம கெடந்தப்ப பன்னெண்டு ராத்திரியும் நான்தான் பக்கத்துல இருந்தேன். ஒக்காந்து எழுதனேன். அவன் டைப் அடிக்கக் குடுத்தான்."

"உன் பேர ஏன் எழுதல?"

"இல்லாதத எழுதக் கூடாதுன்னு நீதான் அடிச்சிச் சொல்லிக் குடுத்த. ரெண்டுன்னு சொன்ன, ரெண்டுன்னு எழுதனேன். சொன்ன சொல்லு மாறாத பொம்பளன்னு ஊருல பேரு எடுத்துக்கிற. செத்தப்புறம் அத நான் கெடுக்கணுமா?"

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, தாளை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார். "இப்ப சேத்துடறேன்."

கலைமணி தாளைப் பிடுங்கிக்கொண்டாள். "யாருக்காவ சேக்கற? நீ பெட்டில படுத்துக்கினு இருப்ப, சபை ஐயரு என் பேரப் படிப்பாரு, டீச்சருக்கு எம்மாம் பெரிய மனசுன்னு ஊரு சொல்லும். எனக்கு இன்னா கெடைக்கும்? எனக்குப் பேறுகாலம் வந்தப்ப நீ வரல. அவரு காலு ஒடிஞ்சி ஆறு மாசம் கெடந்தப்ப வரல. செத்தப்புறம் எனக்கு அம்மாவா ஆவலாம்னு பாக்கறியா?"

இப்படி ஒருவரும் டீச்சரிடம் பேசியதில்லை. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. போனமுறை கோபம் வந்தபோதும் உறவை அப்படித்தான் அறுத்துக்கொண்டார். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள். நெற்றியில் பொட்டு, தோளில் கம்பெனிப் பை. கலைமணியின் மகள் சத்யப்பிரியா. பேத்தி என்று சொல்லாமலே தெரிந்தது. டீச்சரின் தாடை அப்படியே அவளுக்கு இருந்தது.

"யாரும்மா இவங்க?" என்றாள் சத்யப்பிரியா.

"எங்க டீச்சர். அஞ்சாங்கிளாஸ்ல எனக்குப் பாடம் எடுத்தாங்க."

"வணக்கம் டீச்சர்" என்று அந்தப் பெண் கை கூப்பினாள்.

அது பொய்யில்லை. ஐந்தாம் வகுப்பில் கலைமணிக்குப் பாடம் எடுத்தது அவர்தான். பொய்யாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். யார்மேல் கோபப்படுவது என்று தேடி தாவீதிடம் போனார், கலைமணியிடம் வந்தார். இனி போக ஆளில்லை. டீச்சருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

"பாடம் மட்டும் எடுக்கல" என்றார் பேத்தியிடம். "இவள நான் பெத்தேன். இவதான் எனக்கு மூத்தவ. இல்லன்னு கோயில்ல நின்னு சொன்னது நான்தான். நான் சொன்னது பொய்யி. அத வர்ற ஞாயித்துக்கெழம அதே கோயில்ல நின்னு சொல்லப் போறேன். நீங்க வந்தாலும் சொல்லுவேன், வராட்டியும் சொல்லுவேன்."

சத்யப்பிரியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கலைமணியின் கையில் தாள் கசங்கிக்கொண்டிருந்தது.

"இத சொல்ல உனக்கு இருவத்திரெண்டு வருசம் ஆச்சாம்மா?" என்றாள் கலைமணி டீச்சரிடம்.

கோபத்தில்தான் கேட்டாள். ஆனால் வந்ததிலிருந்து அப்போதுதான் அம்மா என்று கூப்பிட்டாள்.