பெரட்டுப் பலகை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்துக்கு நான் பொறுப்பில்லை. பலகையில் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். பெரிய எழுத்தை மட்டும் படித்துவிட்டுச் சின்ன எழுத்தை விட்டுவிட்டு ஓடி வந்தால் நான் என்ன செய்ய முடியும்? என் வீட்டுக்காரர் உடையப்பன் இன்றைக்கும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கிடக்கிறார்.

மலேசியாவில், லூமுட்டில் கடற்படைத் தளம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. பத்து காஜா ஊர்ப் பக்கம் எங்கள் ஏழாங்கட்டைத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். ரப்பர் மரங்கள் சாய்ந்ததும் லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்கள் ஜனம் ஆளுக்கொரு பக்கம் போனது. நாங்கள் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்குக்கு வந்தோம். அவருக்கு லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. எனக்கு ரப்பர் பால் வெட்டுவதை விட்டால் தெரிந்தது மசாலா ஒன்றுதான். லயத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மிளகாயும் மல்லியும் வறுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் தைரியத்தில் பழைய அரவை மெஷின் ஒன்றை வாங்கிக் கடை திறந்தேன்.

போர்டு பெரிதாகத்தான் வைத்தேன். 'இருளாயி கறித்தூள் மில். தரம், மணம், சுத்தம், நம்பிக்கை.' சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். என்ன பிரயோஜனம்? ஈ காக்கா வரவில்லை. வந்தவர்களும் பக்கத்து மளிகைக்கடைக்கு வழி கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடை பெத்தபெருமாள் செட்டியாருடையது. அந்த வரிசை முழுக்கவே அவருடையதுதான். தங்கமான மனுஷர். குரலை உயர்த்தவே மாட்டார், எனக்கு எரிச்சலே அதுதான். சத்தம் போட்டால் திருப்பிச் சத்தம் போடலாம். அவர் ஒரு நாள் வந்து, துணி போட்டு மூடிக் கிடந்த மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தீபாவளி வரைக்கும் பாருங்க இருளாயி. நடக்கலைன்னா, மோட்டார் ரிப்பேர் பண்ற சீனி ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருக்கான், அவனுக்குக் குடுத்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

"கோவமா? எனக்கா?" என்றேன். தோட்டம் போன பிறகு, என் இடம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதுவும் போனால் நான் யார்? நினைத்தாலே பயமாக இருந்தது.

நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். செட்டியாரின் மனைவி சொர்ணம் ஆச்சி ஈப்போவில் அச்சகம் நடத்தினார். நேரே அங்கே போனேன்.

"ஆச்சி, உங்க வீட்டுக்காரரு என்னைத் துரத்தப் பாக்குறாரு. நீங்க எனக்கு நோட்டீஸ் அடிச்சுத் தரணும்" என்றேன்.

"அவரு வியாபாரம் அவருக்கு, என் வியாபாரம் எனக்கு. குடுங்க பாப்போம்" என்று தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன ஆச்சி சிரிக்கிறீங்க?"

"தரம், மணம், சுத்தம், நம்பிக்கை. இதே நாலு வார்த்தையை நான் சோப்புக்கும் அடிச்சிருக்கேன், பல்பொடிக்கும் அடிச்சிருக்கேன். இதுல உங்களைப் பத்தித்தான் இருக்கு. படிக்கிறவளுக்கு என்ன இருக்கு? இந்த நோட்டீஸ்ல வடைதான் மடிப்பாங்க."

அடித்துத் தரவே மாட்டேன் என்றுவிட்டார். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னார். கடை முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். தினமும் காலையில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

"உங்க தூளைப் பத்தி எழுதாதீங்க. அங்க நிக்கிறவங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுதுங்க. யாராச்சும் ஒரு கேள்வி கேட்டா, மறுநாள் அதுதான் பலகையில வரணும். பேசுற மாதிரியே எழுதுங்க, மேடைத்தமிழ் வேணாம். கடை பேரு கீழே ஓரமா இருந்தா போதும்."

"அப்ப தூளை யாரு விக்கிறது? சாமி வந்து விக்குமா?"

"நின்னு படிக்கிறவளுக்கு மூக்கு இல்லையா என்ன?" என்றார் ஆச்சி.

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "பலகைதானே, வச்சுத்தான் பாரேன்லா" என்றார். பழைய பள்ளிக்கூடப் பலகை ஒன்றைத் தேடி லாரியில் போட்டுக்கொண்டும் வந்துவிட்டார்.

என் கடைக்கு எதிரேதான் பேக்டரி பஸ் நிற்கும். வேலைக்குப் போகும் பெண்கள், பாதிப் பேர் எங்களைப் போலத் தோட்டம் விட்டு வந்தவர்கள், வெயிலுக்கு என் அஞ்சடியில் ஒதுங்குவார்கள். முதல் நாள், 'மீன் குழம்பில் உப்புக் கரிக்குதா? உருளைக்கிழங்கை வெட்டிப் போடுங்க' என்று எழுதினேன். பெண்கள் நின்று படித்தார்கள். ஒருத்தி, "அக்கா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து சமைக்கிறது ரொம்ப சூசா, கஷ்டமா இருக்குக்கா. சட்டுனு என்ன வைக்கலாம்?" என்று கேட்டாள். மறுநாள் அவளுக்காக நெத்திலிக் குழம்பு எழுதினேன். அவள் தோழிகள் நாலு பேரைக் கூட்டி வந்து, "பாருங்கடி, நான் கேட்டது" என்று காட்டினாள். ஆச்சி சொன்னது கொஞ்சம் நிஜம்தான் என்று தோன்றியது. ஆனால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு நாள் காய்ச்சலில் எழுதாமல் விட்டேன். அன்றைக்கு வந்து பார்த்த பெண்கள், நேற்றைய எழுத்தே இருப்பதைக் கண்டு திரும்பிக்கொண்டார்கள். அதிலிருந்து காய்ச்சலோ மழையோ, எழுதிவிட்டுத்தான் பசியாறுவேன். படித்தார்கள், சிரித்தார்கள், சிலர் பொட்டலம் வாங்கினார்கள். ஆனால் பஸ் வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. சீனி வேறு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் என் கடையின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுபடியும் ஆச்சியிடம் போய் நின்றேன்.

"தலைப்பு சரியில்லை" என்றார். "பாத்ததும் கால் நிக்கணும். உங்க ஜனத்தை நிக்க வைக்கிற சொல்லு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும்."

எங்களை நிற்க வைத்த சொல்லா? யோசிக்கவே வேண்டியதில்லை. பெரட்டு!

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். விடிவதற்கு முன்னால் எல்லாரும் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்போம். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். 'வந்தேன்' என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை. பெரட்டுக்குப் பிந்தி வந்தால் அன்றைக்கு வேலை இல்லை, அழுதாலும் இல்லை. அந்தப் பயம் எங்கள் எலும்பில் ஊறியது.

அந்த வாரம் பலகையில் இப்படி எழுதினேன்:

'பெரட்டு! ஏழாங்கட்டை ஆளுங்க எல்லாரும் வரணும். ஞாயிறு காலை ஆறு மணி.'

எழுத்துப் பெரிதாகிப்போய் இடம் தீர்ந்துவிட்டது. அதனால் கீழே சின்னதாக, 'புது மிளகாய் அரைக்கிறோம், வந்தவங்களுக்கு ஒரு பொட்டலம் இனாம், இருளாயி மில்' என்று எழுதினேன். எழுதினேனா இல்லையா? எழுதினேன்.

ஞாயிறு காலையில் கடைக் கதவைத் தூக்கிய என் வீட்டுக்காரர், "ஐயோ, இருளாயி!" என்று கத்தினார்.

வெளியே ஓடி வந்து பார்த்தால், அஞ்சடியிலும் தார்ச் சடக்கிலும் எங்கள் தோட்டத்து ஜனம் வரிசை வரிசையாக நிற்கிறது. யாரும் சொல்லவில்லை, தானாகவே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பத்து காஜாவிலிருந்து வந்திருக்கிறார்கள். லூமுட்டிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருவர் இடுப்பில் பால் வெட்டும் கத்தியைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். முன்வரிசையில் பழைய தண்டல் மாயாண்டி அண்ணன், தோட்டத்தில் எங்களை மேய்த்த அதே தொப்பியோடு.

"கிராணி எங்கம்மா?" என்று கேட்டார்.

"கிராணியும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. யாருண்ணே உங்களை எல்லாம் வரச் சொன்னது?"

"பெரட்டுன்னு எழுதியிருக்காமே! தோட்டத்தை மறுபடி திறக்குறாங்க, பேரு பதியிறாங்கன்னு பேக்டரிப் பொண்ணுங்க சொன்னாங்க."

"அண்ணே, அது மிளகாய்த்தூளுக்கு எழுதினது" என்றேன்.

அவ்வளவுதான். வாய்க்கு வந்தபடி ஏச ஆரம்பித்துவிட்டார்கள். "ஏழைங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிறியா?" என்று ஒருவர் கத்தினார். நான் சும்மா இருப்பேனா? "கீழே எழுதியிருக்கிறதைப் படிக்கக் கண்ணு இல்லையா?" என்று நானும் கத்தினேன். அந்த நேரம் பார்த்து, கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த செட்டியாரின் மோட்டார் காடி வந்து நின்றது. இறங்கி வந்தவர் கூட்டத்தைப் பார்த்து வெலவெலத்துப்போனார்.

"என்ன இருளாயி இது? பெரட்டுன்னா என்ன?"

நான் வாய் திறப்பதற்குள் மாயாண்டி அண்ணன் பதில் சொன்னார். "பேரு கூப்பிட்டா இன்னைக்கு உனக்கு இடம் இருக்கு. கூப்பிடலைன்னா இல்ல. அவ்வளவுதான் செட்டியாரே."

செட்டியார் என் பக்கம் திரும்பினார். "தீபாவளி வரைக்கும்கூட காத்திருக்கணுமான்னு யோசிக்கிறேன்" என்றார், அதே மெல்லிய குரலில்.

தொலைந்தது கடை என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டியது. அப்போது பெண்கள் வரிசையிலிருந்து முத்தம்மா முன்னால் வந்தாள். லயத்தில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. லூமுட்டில் யார் வீட்டிலோ துணி துவைக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இளைத்துப்போயிருந்தாள்.

"வேலை இல்லைன்னா போவுதுடி" என்றாள். "பேராச்சும் கூப்பிடு. இவ்வளவு தூரம் வந்ததுக்கு. என்னை முத்தம்மான்னு வரிசையில கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? அங்க எல்லாரும் 'ஏய், இங்க வா'ன்னுதான் கூப்பிடுறாங்க."

கூட்டம் அடங்கிப்போனது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். என்னிடம் கிராணியின் புத்தகம் ஏது? லயத்தில் கோயில் பக்கத்து முதல் வீட்டிலிருந்து மனசுக்குள் நடந்துபோனேன். வீடு வீடாகப் பெயர் கூப்பிட்டேன்.

"மாயாண்டி!"

"வந்தேன்!"

"முத்தம்மா!"

"வந்தேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைச் சீனர் எட்டிப் பார்த்தார்.

வராதவர்களுக்கு மற்றவர்கள் பதில் சொன்னார்கள். "சன்னாசி பத்து காஜா ஆஸ்பத்திரியில தோட்டக்காரரா இருக்காரு." "இராமசாமி மக கல்யாணம் வருது, யாருக்கும் விலாசம் தெரியாம பத்திரிகையை வச்சுக்கிட்டுத் தேடிக்கிட்டு இருக்காரு." ஒவ்வொன்றையும் பலகையில் எழுதினேன். நடுவில், பேக்டரி வேலைக்குப் போகும் மாரியம்மா கையைத் தூக்கினாள். "அக்கா, எங்க பேக்டரியில ஆள் எடுக்குறாங்க. பொம்பளைங்களுக்கு ஹாஸ்டலும் இருக்கு. நாளைக்கே வரலாம்."

அதையும் எழுதினேன், எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில். முத்தம்மா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

என் வீட்டுக்காரர் உள்ளே போய் மெஷினைத் தட்டிவிட்டார். வறுத்த மிளகாயும் சோம்பும் கமகமவென்று சடக்கு வரைக்கும் அடித்தது. எல்லாரும் தும்மினார்கள், செட்டியாரும்தான். கத்தி செருகிக்கொண்டு வந்தவர், "நம்ம லயத்துக் கல்யாண வாசம்லா இது" என்றார். இனாம் பொட்டலத்தோடு போனவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். செட்டியார் மூக்கைத் துடைத்துக்கொண்டே காடியில் ஏறினார்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பெரட்டு. எங்கே வேலை காலி, எங்கே வீடு வாடகைக்கு, யார் வீட்டில் விசேஷம், எல்லாம் பலகையில். மற்ற நாளில் குழம்பு. தூளைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் மெஷினுக்குத் துணி போட்டு மூட வேளை இல்லை. முத்தம்மா பேக்டரியில் சேர்ந்துவிட்டாள், ஷிப்ட் இல்லாத நேரம் என் கடையில் வந்து பொட்டலம் கட்டுவாள்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. பெயர் கூப்பிட ஸ்டூலில் ஏறினேன். சடக்கில் செட்டியாரின் காடி வந்து நின்றது. ஆச்சி இறங்கினார், செட்டியார் இறங்கினார், பின்னாலேயே அளவு நாடாவோடு சீனி.

கடையை அளக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக இந்த ஜனத்துக்கு முன்னாலேயா? ஆனாலும் விடவில்லை. முதல் வீட்டிலிருந்து கூப்பிட்டேன். 'வந்தேன்', 'வந்தேன்' என்று ஒவ்வொரு குரலாக வந்தது. கடைசி வீடும் முடிந்தது. இறங்கப்போனேன்.

"இருங்க" என்றார் செட்டியார். "ஒரு பேரு விட்டுப்போச்சு."

"யாரும் விட்டுப்போகலையே" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். குரலை உயர்த்தவே தெரியாத மனுஷர், அன்றைக்குச் சடக்கு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"இருளாயி!"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. ஆச்சி சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். முத்தம்மா என் காலைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லுடி, பேரு கூப்பிடுறாங்கல்ல!"

"வந்தேன்" என்றேன். அழுகையில் பாதிதான் வெளியே வந்தது.

சீனி நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டான். தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்து, "அக்கா, மீன் தூள் அரைக் கிலோ" என்றான்.

"போய் வரிசையில நில்லு" என்றேன்.