வெள்ளம் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர்

புல்டோசர் வந்து சேர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் எல்லையைப் பார்த்துவிடலாம் என்று வெள்ளியங்கிரி ஆற்றோரப் பள்ளத்தில் இறங்கினார். தாராபுரத்துக்குக் கிழக்கே, அமராவதி வளைந்து திரும்பும் இடத்தில் அவருக்கு இருந்த ஒன்றரை ஏக்கர் அது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி வெள்ளம் வந்த விடியலில், மோட்டார் ரூமை ஒட்டிக் கட்டியிருந்த இரண்டு எருதுகளை அவிழ்த்துவிட அவர் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் ஆளே திரும்பியிருக்க முடியாது என்றுதான் ஊரில் எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் வெள்ளத்தோடு போன அந்த எருதுகளின் கத்தல் அவர் காதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து இந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாகச் சமன்செய்து தென்னை வைத்தே தீரவேண்டும் என்று இந்தத் தை மாதம் மனைவி பழனாத்தாள்தான் பிடிவாதமாக நின்றாள்.

கீழே அவருக்குத் தெரிந்த வயல் இல்லை. வண்டல் மண்ணில் நாணல் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. நீர்மருது தொடை கனத்துக்குப் பருத்திருந்தது. யார் தோட்டத்து விதையோ, ஒரு சுரைக்கொடி நொச்சிப் புதர்மேல் ஏறிக் காய்த்துக் கிடந்தது. கானாங்கோழி ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடியது.

"ஏனுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க."

புல் அறுத்துக்கொண்டிருந்த மாசாணியம்மாள் நிமிர்ந்தாள். அவர் தோட்டத்தில் வெகுகாலமாக வேலை செய்பவள்.

"ஏன்?"

"ஆத்துநாய் குட்டி போட்டிருக்குதுங்க. உங்க மோட்டார் ரூமுலதான்."

கூரை போய், பாதி மணலில் புதைந்த சுவர். அதன் பொந்திலிருந்து பழுப்பு நிறத்தில் நீர்நாய் ஒன்று வெளியே வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று அவரைப் பார்த்துச் சீறியது. பத்தடிகூட இல்லை. பின்னால் மூன்று சின்னத் தலைகள். அது ஓடவில்லை. அவர்தான் பின்வாங்கி மணலில் உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் எறங்கி வரல, மாசாணி."

அவள் புல்லைச் சேர்த்துக் கட்டினாள்.

"வந்திருந்தீங்கன்னா, இன்னைக்குப் புல்லறுக்க என்னைய ஆருங்க உள்ள உடுவாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

மேலே புல்டோசர் வந்து நின்றிருந்தது. அவர் மூச்சு வாங்க ஏறிப் போனார். டிரைவர் அமீர் ஹம்சா இருக்கையிலிருந்தே கேட்டார்: "எங்கிருந்துங்க தள்ளோணும்?"

"மேட்டுல மட்டும் தள்ளுங்க. பள்ளத்துக்கு எறங்க வேண்டாம்."

"அம்மா மொத்தமும்னு சொன்னாங்களே?"

"ஊட்டுல நான் சொல்லிக்கறேனுங்க."

எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பழனாத்தாள் நாற்றுப் பண்ணையில் தென்னங்கன்றுக்குச் சொல்லிவைத்து ஒரு மாதமாகிறது.

என்ஜின் உறுமியது. நாணலுக்குள்ளிருந்து கொக்குகள் கும்பலாகக் கிளம்பின. கரையோரம் அந்த ஆத்துநாய் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்குவது மேலிருந்தே தெரிந்தது. அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். ஹம்சா என்ஜினை அணைத்தார்.

நடு ஆற்றில் அது நீந்துவதை நிறுத்தியது. வாயில் குட்டியோடு தலையை மட்டும் நீட்டி, அக்கரையையும் இக்கரையையும் மாறி மாறிப் பார்த்தது.